ஆண் குரல் கேட்டால் கட் ஆகும் போன்

கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். என் கடையில், என் கண்ணெதிரே நடந்தது இது. நான் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதைவிட மோசமானதை எல்லாம் மனிதர்களின் போனிலேயே பார்த்துவிட்டேன்.

அன்று மதியம் தையல்கார அக்கா வந்தார். கால் வந்து பேச ஆரம்பித்ததுமே கட் ஆகிறது என்றார். ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்களாம். புருஷன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணி சோறு போடும்போதே முகத்தைச் சுளிக்கிறாள். இந்த வேலை கிடைத்தால்தான் அங்கிருந்து விடுதலை.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். அக்கா எடுத்தார். "ஹலோ" என்றேன். டொக்... கட்.

மறுபடியும் டொக்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணைப் பேசச் சொன்னேன். ஊர்வம்பு முழுக்கப் பேசினாள். கட் ஆகவில்லை. அவளிடமிருந்து போனை வாங்கி நான் வாயைத் திறந்தேன்.

டொக்.

செட்டிங்ஸைத் தோண்டினேன். பெயரும் ஐகானும் இல்லாமல் ஒரு ஆப் பதுங்கியிருந்தது. மைக், கால், மெசேஜ்... எல்லாவற்றுக்கும் அனுமதி. புருஷன் போட்டுவைத்த வேவு ஆப். கட்டிய மனைவியை உளவு பார்க்கும் வேலையத்தவன்.

அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் தம்பி. யார்கூடப் பேசினேன்னு தினமும் கேப்பாரு."

ஆப்பை நீக்கினேன். திரும்பி வந்தது.

போனில் இருந்ததையெல்லாம் முழுதாக அழித்தேன். வந்தது.

ஆப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு வரி. 'கடைசியாகக் கேட்டது: இப்போது.'

சிம்மை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். பர்ஸில் வைத்துக்கொண்டார். பின்மூடியைப் பிரித்து, பேட்டரியைக் கழற்றினேன்.

திரை உடனே அணையவில்லை...

மறுநாள் காலை, கடையில் கிடந்த பழைய போனில் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா அங்கேயே நின்று கம்பெனியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் சலிப்போடு பேசினாள்.

"நேத்து சாயங்காலமே கூப்பிட்டோமே. உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார். உங்களை வேலைக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டார். வேற ஆளை எடுத்துட்டோம்."

நேற்று சாயங்காலம் சிம் அக்காவின் பர்ஸில் இருந்தது. போன் என் மேஜையில் பிரிந்து கிடந்தது.

அக்கா அழவில்லை. "செத்தும் விடமாட்டேங்கிறாரே" என்று மட்டும் சொன்னார். பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தார்.