கழுவிய பலகைகள்

எங்கள் கிடங்கில் அவரைச் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கப்பலில் போகும் மிளகை இருபத்திரண்டு வருடம் சலித்தவர். ஒரு பிடி அள்ளினாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பிறகு மிஷினும் அதையேதான் சொல்லும்.

அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினம் இரண்டு வேளை ஊசி. அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வருவது. போன வருடம் கடையில் வரத்து நின்றுபோனது.

"காசு குடுத்தாலுமா இல்ல?" என்று அக்கா கேட்டார்.

"நம்ம காசை அங்க யாரு வாங்குறா? டாலர் கேக்குறாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க சலிக்கிற மிளகு, தேயிலை இதெல்லாம் போனாத்தான் நாட்டுக்கு டாலர் வரும். பெட்ரோலுக்கும் பழைய கடனுக்கும் போக மிச்சமிருந்தா மருந்து."

"அப்ப எங்க வீட்டு ஊசி எங்க கிடங்குலதான் கிடக்குதுன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து மூட்டை வாயைத் தைத்து முடித்ததும், "போய் மருந்தா வா" என்று தட்டிக்கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடவுளை வேண்டிக்கொள்வேன்.

ஏற்றுமதி அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது.

"தரையில அவர் மூஞ்சி தெரியணும்" என்றார் மேஸ்திரி.

"தெரிஞ்சா அவரே பயந்து ஓடிருவாரு" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

சரக்குக்குக் குறை வரக் கூடாதே என்று அக்காதான் முன்னால் நின்று கழுவினார். தரையோடு விடவில்லை. மூட்டை அடுக்கும் மரப்பலகைகளையும் தேய்த்துக் கழுவினார். அதுவரை துடைப்பத்தால் தட்டுவதோடு சரி, அவற்றில் ஒருநாளும் தண்ணீர் பட்டதில்லை. மறுநாள் தொட்டால் காய்ந்துதான் இருந்தன. உள்ளே காயவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். மூட்டைகளைப் பலகையோடு கண்டெய்னரில் ஏற்றிப் பூட்டினார்கள்.

வீட்டில் மிச்சமிருந்த ஊசி மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. இரண்டு வேளை ஒரு வேளையானது. வீட்டுக்காரருக்குக் கால்விரல் கறுத்தது. "கப்பல் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்" என்று அக்கா அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் கண்டெய்னர் திரும்பி வந்தது.

"அடிமூட்டை பூரா பூசணம்" என்றார் மேஸ்திரி. "மொத்தத்தையும் திருப்பிட்டாங்க."

தான் போட்ட தையலை அக்கா தடவிப் பார்த்தார். பிறகு மூட்டையை நகர்த்தி, அடியில் இருந்த பலகையைப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்த வாரமே அவர் வீட்டுக்காரர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த மருந்துக்கடைக்காரர், "ஒரு கண்டெய்னராலயா மருந்து நின்னுச்சு? தேயிலை விலையும் விழுந்துச்சு, எண்ணெய் விலையும் ஏறிச்சு. மனசை விட்டுடாதீங்கக்கா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

"கழுவினது நான்தானே" என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். திரும்பி வந்த மூட்டைகளில் தேறுவதைப் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்: "ஈரம் எவ்வளவு இருக்கும்க்கா?"

அக்கா ஒரு பிடி அள்ளினார். வெகுநேரம் கையை மூடியே வைத்திருந்தார்.

"மிஷின்ல பாத்துக்கங்க" என்றார்.