லூமுட் எங்களை வைத்துக்கொண்டது

கடல் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். வெயிலில் காயும் நெத்திலியும் படகு டீசலும் கலந்த அந்த வாடைதான் எனக்கு லூமுட் என்ற ஊர். முதன்முதலாகப் போன அன்று அதையும் மீறி அடித்தது எங்கள் 'பால் லோரி'யின் புளித்த நாற்றம்; ரப்பர் பால் ஏற்றும் அதன் பின்தட்டை முதல் நாளே பெண்கள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா ரப்பர் தோட்டத்து லோரி ஓட்டுநர். கடலைப் பார்த்ததே இல்லை என்று லயத்து வரிசை வீட்டுச் சனம் புலம்பியதில் மனம் இளகி, தோட்டத்துத் துரை வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அவரைக் கேட்காமலேயே எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று அம்மா வழி முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தார்.

லூமுட்டை அடுத்த தெலுக் பாத்திக் கடற்கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. சோற்றுச் சட்டியைச் சுமப்பானேன் என்று அப்பா லோரியை நேராக மணலில் இறக்கி, அலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். பலகாரக் கடை மலாய் அம்மாள் ஓடி வந்து, "ஆயிர் பாசாங்! ஆயிர் பாசாங்!" என்று கத்தினார், கடல் ஏறப்போகிறது என்கிறார். அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழையே காணோம், தண்ணி எங்கேருந்து ஏறும் லா?" என்று சிரித்தார். மழை பெய்தால் ஆறு ஏறும், பெய்யாவிட்டால் ஏறாது. எங்கள் தோட்டத்தில் தண்ணீரைப் பற்றி யாருக்கும் அதற்கு மேல் தெரியாது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் சக்கரம் மணலில் புதைந்து பாதி முழுகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு குழந்தையைப் போல அழுதார். அன்றுதான் நான் அந்த ஊரின் குணத்தைப் பார்த்தேன். மீன்பிடிக்காரர்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். சீனப் படகு முதலாளி ஒருவர், நாங்கள் 'தவுக்கே' என்று அழைத்தவர், தம் லோரியைக் கொண்டு வந்து கட்டி இழுத்தார். பலகாரக்கார அம்மாள் "அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுத பிள்ளைகளுக்கு எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லோரி கரையேறியது, வேலை கரையேறவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த இஞ்சின் மூன்றாம் நாள் நின்றுபோக, துரைக்கு விஷயம் தெரிந்து, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் அப்பா அந்தத் தவுக்கேயிடமே போய் நின்றார். அவர் மேலும் கீழும் பார்த்து, "பாத்து ஆங்காட் போலே?" என்றார். கல் தூக்க முடியுமா என்று கேட்கிறார். லூமுட்டில் அப்போது கடலோரம் கல் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் அங்கே குடியேறி, அந்த ஊர் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அணைக்குப் பின்னால் நடைபாதை வந்தது, அதன் பின்னால் ஹோட்டல்கள் வந்தன. பங்கோர் தீவுக்குப் படகேற ஈப்போ நகரத்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அம்மா ஹோட்டல் விரிப்புகளை வெளுத்தார். "அஞ்சாம் மாடி சிமெந்து பூரா என் தோளுல ஏறினது" என்று அப்பா ஒரு ஹோட்டலைக் காட்டிச் சாலையில் போகிறவர்களிடமெல்லாம் அளப்பார். வார நாளில் தூங்கி வழிந்து, வெள்ளி மாலை தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ளும் அந்த ஊர்மேல் எனக்கு இன்றும் பித்துதான்.

இப்போது ஈப்போவின் சிலிபினில் குடியிருக்கும் நான் போன மாதம் அப்பாவை லூமுட்டுக்கு அழைத்துப் போனேன். நெத்திலி காய்ந்த பரண்கள் இல்லை, தவுக்கேயும் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிப் பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனாலும் நம்மவர்கள் பார்த்ததும் ஊருக்குப் பதிலாகக் கேட்பது அதே பழைய கேள்விதான். நடைபாதையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

இத்தனை வருடமும் எங்களைத் துரத்திய தோட்டத்தின் பெயரைத்தான் அப்பா சொல்லி வந்தார். அன்று மட்டும், "லூமுட்டு" என்றார்.

"இங்க ஏதுண்ணே தோட்டம்?"

"தோட்டம் இல்ல, தம்பி. இது என் ஊரு."