சீல் குத்திய திகதி

வெள்ளைக்காரரின் கடற்படைத் தளம் மூடப்பட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, திருகோணமலையில் நான் பகலைக் கழித்த இடம் நூலகம். படிப்பில் ஆசை வந்ததால் அல்ல. அங்கே கதிரையும் மின்விசிறியும் இருந்தன, எழும்பிப் போ என்று யாரும் சொல்வதில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்.

சனிக்கிழமை காலைகளில் நூலகர் ஒரு வகுப்பு வைத்தார். வேண்டிய தகவலை நூலகத்தில் தேடி எடுப்பது எப்படி என்பதுதான் பாடம். வேலை போன துறைமுகத்து ஆட்கள் ஒன்பது பேர் வாங்கில்களில் இருந்தோம். அவர் கரும்பலகையில் எண்களை எழுதினார். தத்துவத்துக்கு இந்த எண், சமயத்துக்கு இந்த எண், அதற்குள் புள்ளி வைத்து இன்னொரு எண். ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்.

கிண்ணியாவிலிருந்து படகேறி வந்த ஒருவர் கையைத் தூக்கினார். தளத்தில் பன்னிரண்டு வருடம், கயிற்றால் பாரம் இழுக்கும் விஞ்ச் இயக்கியவர். நானும் அதே கூட்டத்தில் வேலை செய்தவன். அண்ணன் முறையில் நாங்கள் அவரை நானா என்போம்.

"ஐயா, வேலைக்கு ஆள் எடுக்கிற கெசட் எந்தப் பக்கம் கிடக்கு?"

"ஒரு மணித்தியாலமாக் கத்தினது உமக்குக் காதில ஏறேல்லையோ? எழும்பும். பலகையில இருக்கிறதை முதல்ல வாசியும்."

அவர் எழும்பி நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். வியர்வை கழுத்தில் இறங்கியது.

"நானா, விஞ்ச் இழுக்கிற மாதிரி இழுக்காதேங்கோ, கயிறு அறுந்துபோம்!"

அதைச் சொன்னவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நூலகரும் சிரித்தார். அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்துக்குக் கிரேன் இயக்குநர் இருவர் தேவை என்று, நானா கேட்ட அந்தக் கெசட்டில், அரச வர்த்தமானியில், வந்தது. அறிவித்தல் திகதியிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தளத்தில் பாரம் தூக்கும் பொறிகளில் வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை. அப்படிப்பட்டவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தோம்.

கொழும்பிலிருந்து அந்த வர்த்தமானி எங்கள் நூலகத்துக்கு வந்து சேர ஒன்பது நாள் எடுத்திருந்தது. வந்த அன்று நூலகர் அதன் தலையில் ஊதா மையில் பெரிதாக ஒரு சீல் குத்தியிருந்தார். நாள் எண்ண வேண்டிய அச்சான திகதி மூலையில், நெல்மணி அளவு எழுத்தில். துறைமுகத்தில் வேலை செய்தவன் அச்சைப் பார்க்கமாட்டான். வாயிலில் காட்டும் பாஸ் ஆகட்டும், சரக்குச் சீட்டு ஆகட்டும், சீலில் இருக்கும் திகதியிலிருந்துதான் நாள் ஓடும். சீல் இல்லாத தாள் அங்கே வெறும் தாள். நானாவும் சீலைப் பார்த்துத்தான் விரல் மடித்து நாளை எண்ணினார்.

"இன்னும் பதினைஞ்சு நாள் கிடக்கு, தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல். அது மாறினாப் போல ஊர் விதானையாரிட்டக் கடிதம் எடுத்துக்கொண்டு போடுறன்."

உண்மையில் ஆறு நாள்தான் இருந்தது. எனக்கு அது தெரியும். கொழும்பில் ஒரு அச்சகத்தில் சில மாதம் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். எந்தத் திகதி எதற்கு என்று அங்கே பார்த்திருக்கிறேன். என் விண்ணப்பத்தை முதல் நாளே தபாலில் போட்டுவிட்டிருந்தேன்.

"ஓம் நானா, நாள் கிடக்குத்தானே," என்றேன்.

நாலு நாள் கழித்து அவருக்கே ஏதோ சந்தேகம் வந்தது. வர்த்தமானியைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகரின் மேசை வரை போனார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"வேணாம் தம்பி. அந்தாள் திரும்பவும் எழுப்பி வாசிக்க வைக்கும்."

நான் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வகுப்பு என்று ஒன்று வைத்தால் அந்த வர்த்தமானியை மேசையில் விரித்திருக்க வேண்டும். இது அச்சான நாள், இது நான் சீல் குத்திய நாள், கடைசி நாள் எது, ஆளுக்கு ஆள் எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பிழையாக எண்ணியவன் அங்கேயே, யாரும் சிரிக்காமல், திருத்தியிருப்பான். கால் மணித்தியாலம் போதும். தேடி வந்தவனுக்கு என்ன தேவை என்று கேளாமல் எண்களைப் படிப்பித்தவர் அவர். கேட்டவனைப் பார்த்துச் சிரித்துப் பழக்கியவர்கள் நாங்கள்.

காலம் கடந்தது என்று குறுக்கே எழுதப்பட்டு நானாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் அதை நேரே நூலகரிடம் கொண்டுபோனார். நூலகர் மூலையில் இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்தார்.

"இது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"சீல் நீங்கதானே ஐயா குத்தினது."

"அது பேப்பர் எங்களிட்ட வந்த நாள். அது கூடத் தெரியாட்டி என்னத்துக்கு ஓய் இங்க வாறீர்?"

வந்த சனிக்கிழமை அவர் அதையே பாடமாக்கினார். கவனமில்லாத வாசகன் எப்படி ஏமாறுவான் என்பதற்கு உதாரணம். நானா கடைசி வாங்கிலில் இருந்தார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் நூலகத்துக்கு வந்த கடைசி நாள் அது.

இரண்டு இடத்தில் ஒன்று எனக்குக் கிடைத்தது. அவர் அதே இறங்குதுறையில் நாட்கூலிக்கு மாவு மூட்டை சுமந்தார். என் கொக்கியின் கீழே நின்று, "மெல்ல, தம்பி, மெல்ல," என்று கை காட்டுவார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "நீ எப்பிடிச் சரியா எண்ணினாய்?" என்று கேட்டார். சும்மா முந்திப் போட்டனான் என்றேன். அவர் நம்பினார்.

எட்டு மாதத்தில் எனக்கு அந்த வேலை அலுத்துவிட்டது. சொல்லாமல் மன்னாருக்கு லொறி ஏறிவிட்டேன். என் இடத்துக்குப் புது அறிவித்தல் போட்டிருப்பார்கள். அதை அவர் எங்கே பார்த்திருப்பார்?