எதிரணிக்கு ஒரு பாயிண்ட்

கையாலும் பந்தைப் பிடிக்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில், க்ளெம் ஹன்ரஹன் வெஸ்ட்மூர் அணிக்காக ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதற்காக அவனை அங்கே வைத்திருக்கவும் இல்லை. அவன் இடம் பேக் பாக்கெட். சொந்தக் கோல் கம்பங்களுக்கு ஓரமாக, எதிரணியின் குள்ளமான வேகக்காரன் ஒருவனை நாளெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் அந்த மூலையைப் பார்ப்பது அங்கே தவறு நடந்தால் மட்டும்தான்.

கிப்ஸ்லாந்தில் அப்பாவின் மாடுகளைக் கறந்துகொண்டிருந்தவன் ரயிலேறி மெல்போர்ன் வந்தான். கிளப் செயலாளர் தோல் பதனிடும் ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தார். அப்போதெல்லாம் ஆட்டக்காரன் என்றால் பகலில் அவனுக்கு வேறொரு வேலை இருந்தது. கேப்டன் பால் வண்டி ஓட்டினான். செவ்வாயும் வியாழனும் ஆலைச் சங்கு ஊதியதும் மைதானத்துக்கு ஓடி, விளக்குக் கம்பத்து மங்கல் வெளிச்சத்தில் பந்தை உதைத்துப் பழகினார்கள். யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டால் தோல் நாற்றம் கொஞ்சம் அடங்கும்.

"உன்னை மோந்து பாத்தே கிழமை சொல்லிடுவேன். தைலம்னா சனி, தோல்னா திங்கள்" என்பாள் அவன் மனைவி நொரீன்.

மழைச் சனிக்கிழமைகள் இன்றும் அவனுக்கு அப்படியே இருக்கின்றன. முழங்கால் வரை சேறு. சோப்புக்கட்டி போல வழுக்கும் பந்து. கையில் சூடான இறைச்சி அப்பத்தோடு வேலி நெடுக ஜனம். எல்லைக்கோட்டருகே எதிரணிக்காரன் வந்தால் குடை முனையால் குத்துகிற மிஸஸ் டூலன். ஒருமுறை அவள் தவறிப்போய் க்ளெமையே குத்திவிட்டாள்.

"நம்ம ஆளுன்னு சொல்லக் கூடாதா?"

"சேத்துல எல்லாரும் ஒரே ஆளுதான் மிஸஸ் டூலன்."

பிறகு இடது முழங்கால் போனது. நேராக ஓடலாம், சட்டென்று திரும்ப முடியாது. பேக் பாக்கெட்டில் திரும்புவதுதான் வேலை. ராஸ் டெவ்லின் என்ற இளைஞன் அந்த இடத்துக்கு வந்தான். நல்ல ஆட்டக்காரன். க்ளெம் அவனை வெறுக்கப் பார்த்தான், முடியவில்லை.

அந்த வருஷம்தான் வெஸ்ட்மூர் இறுதிப் போட்டிக்குப் போனது. க்ளெமின் காலத்தில் முதல் முறை. வருஷத்தோடு விலகிவிடுவதாக நொரீனிடம் அவன் சொல்லியாகிவிட்டது. வியாழன் மாலை, உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் பெர்ட் கில்பின் பெயர்களைப் படித்தார்.

"பேக் பாக்கெட், டெவ்லின்." கடைசியில், "பத்தொன்பதாவது ஆள், ஹன்ரஹன்."

மைதானத்தில் பதினெட்டுப் பேர். மீதி இரண்டு பேருக்கு பெஞ்சு. அன்றைய விதிப்படி வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது. அதனால் யாராவது நொறுங்கி விழுந்தாலொழிய பெர்ட் ஆளை மாற்றமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பருவங்களை முடித்தவர்கள் உண்டு. க்ளெமுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இறுதிப் போட்டியின் புல்லில் ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும்.

சனிக்கிழமை, ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பெர்ட் இருபதாவது ஆளை அனுப்பினார். "அவன் கால் திரும்பும்" என்றார், க்ளெமைப் பார்க்காமல். இனி பெஞ்சில் க்ளெம் மட்டும்.

கடைசிப் பகுதி முடியும் தறுவாயில் வெஸ்ட்மூர் ஐந்து பாயிண்ட் முன்னால் இருந்தது. நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் கோல், ஆறு பாயிண்ட்; ஓரத்துக் குட்டைக் கம்பத்துப் பக்கம் போனால் ஒன்றே ஒன்றுதான். கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. அப்போது ராஸ், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, வலது தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"எழுந்திருடா!" பெர்ட் கத்தினார். "எழுந்திரு!"

ராஸ் நொண்டிக்கொண்டே கோட்டுக்கு வந்தான். நொண்டியது இடது கால்.

"எந்தக் கால்டா வலிக்குது?"

"ரெண்டும்தான் பெர்ட்."

"உன்னைத் திங்கட்கிழமை கொல்றேன்."

ராஸ் க்ளெமின் பக்கம் குனிந்தான். "என் ஆளு பாஸ்கோ இடது பக்கமாத்தான் வெட்டி ஓடுவான். போ, கிழட்டு மாடே."

"டேய், தோத்துட்டோம்னா?"

"உள்ள போய் யோசி."

க்ளெம் உள்ளே போனான். கால்களுக்குக் கீழே புல் மெத்தென்றிருந்தது. அவ்வளவு சத்தத்திலும் தன் மூச்சு அவனுக்குக் கேட்டது. எதிரணியின் ஆல்ஃபி பாஸ்கோ அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன க்ளெம், ஆஸ்பத்திரி மூடிட்டாங்களா?"

"உனக்காக ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன் ஆல்ஃபி."

உடனே பந்து வந்தது. உயரமாக, காற்றில் தள்ளாடி, அவர்கள் இருவரின் தலைக்கு மேலே. அது பாஸ்கோவின் கையில் விழுந்தால் கோல். கோல் என்றால் கோப்பை போய்விடும். பாஸ்கோ இடது பக்கம் வெட்டி ஓடினான். க்ளெம் திரும்பினான். முழங்காலுக்குள் ஏதோ கிழிந்தது. பிடிக்க நேரமில்லை. விழுந்துகொண்டே முஷ்டியை நீட்டினான். பந்து முஷ்டியில் பட்டுத் தெறித்து, உயரக் கம்பத்துக்கும் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் நடுவே போனது.

எதிரணிக்கு ஒரு பாயிண்ட். நடுவர் ஒற்றைக் கொடியை அசைத்தார். க்ளெம் அதைத் தரையில் கிடந்தபடி பார்த்தான். கோல் முன்னால் நிற்கும் ஃபுல் பேக் முழு பலத்தோடு பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் உதைத்தான். அது நடுவில் யார் கையிலோ விழுவதற்குள் சைரன் ஒலித்தது. நாலு பாயிண்ட்டில் கோப்பை.

பெண்களை உடைமாற்றும் அறைக்குள் விடுவதில்லை. நொரீன் வெளியே சுவரோரம் மற்ற மனைவிகளோடு நின்றாள். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு பியர் வாசனையோடு க்ளெம் வெளியே வந்தான்.

"நீ உள்ள போனதைப் பாத்தேன்" என்றாள். "அப்புறம் கண்ணை மூடிட்டேன். எல்லாரும் ஐயோன்னு கத்துனாங்க. பந்தைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"என்ன ஆச்சு?"

"அவங்களுக்கு ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுத்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கமே இல்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தும் சிரிக்க ஆரம்பித்தாள்.