குருத்து கொடுக்காத ஃபிலோமினா டீச்சர்

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் ஓர் உரக்கடை வாசலில் நின்றிருந்தேன். வேப்பம் புண்ணாக்கை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைபேசியில் சூசைராஜ் சார் அழைத்தார். "சார், டீச்சர் போயிட்டாங்க" என்றார். தம் மனைவியை மற்றவர்களிடம் அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் குறிப்பிடுவார். கடைக்காரர் பையைப் பிடித்துக்கொண்டு, "கட்டிடலாமா சார், வேணாமா?" என்று கேட்டார். அந்தப் புண்ணாக்கு டீச்சர் வீட்டுத் தென்னைக்கு, டீச்சர் சொல்லி வாங்க வந்தது. "கட்டுங்க" என்றேன்.

கடலூரில் நம் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர்களும் அவர் தலைமையில் வேலை பார்த்தவர்களும் இந்த நினைவு மலரில் நிறைய எழுதியிருப்பீர்கள். அன்பானவர், கண்டிப்பானவர், தாய் போன்றவர் என்றெல்லாம் வந்திருக்கும். நான் அவர்மேல் மனத்தாங்கல் உள்ளவன். அது இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக இங்கே எழுதினால் டீச்சரே எழுந்து வந்து சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் தலைமையாசிரியரானது 2004இல். மறு ஆண்டு, பள்ளி ஆண்டின் நடுவில், எனக்குச் சிதம்பரத்துக்கு மாறுதல் வந்தது. என் வீடு சிதம்பரத்தில் இருந்தது. அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். ஆணையை எடுத்துக்கொண்டு டீச்சரின் அறைக்குப் போனேன். என்னைப் பணியிலிருந்து விடுவிக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். படித்துப் பார்த்துவிட்டு மடித்து என் பக்கமே தள்ளினார்.

"முடியாது சார். பன்னெண்டாம் கிளாசுக்கு வரலாறு எடுக்க ஆள் இல்ல. மார்ச் முடியட்டும்."

"மார்ச்சுக்குள்ள அந்த எடத்துல வேற ஆள் வந்துடுவாங்க டீச்சர்."

"வரலாம். வேற பேசுங்க."

வேறு ஆள் வந்துவிட்டார். அடுத்த மாறுதல் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதுவரை நான் தினமும் கடலூர்ப் பேருந்தில் போய் வந்தேன். பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் என் முதுகுக்குத் தெரியும். அப்பா ஒரு பிற்பகலில் இறந்தார். அந்த நேரத்தில் நான் கடலூரில் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

துக்கத்துக்கு டீச்சர் வந்தார். எல்லோரும் போன பிறகு என்னைத் தனியே அழைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "நான் உங்கள விட்டிருக்கணும்னு நெனைக்கிறீங்க. தெரியுது. அன்னைக்கு எனக்கு அதான் சரின்னு பட்டுச்சு. இன்னைக்கு உங்க மொகத்தப் பாத்து மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றார். அது தவறான முடிவு என்றே இன்றும் சொல்வேன். அன்றிலிருந்து அவரோடு அலுவல் தவிர வேறு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அவரிடம் 'முடியாது' கேட்டது நான் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. செம்மண்டலத்துக்கு அப்பால் புதிதாக உருவான நகர் ஒன்றில் அவர் வீடு கட்டிக் குடியேறி, முன்பக்கத்தில் மூன்று தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தார். தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு இரு பக்கமும் அழகுக்கான பாட்டில் பாம் வைத்த காலம் அது. டீச்சரின் மரங்கள் இன்னும் குட்டை. ஸ்டூல் போட்டால் குருத்து கைக்கு எட்டும். அதனால் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் தோரணத்துக்குக் குருத்தோலை கேட்டு அவர் கேட்டைத் தட்டுவார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் இளைஞர்கள் கூட்டமாக வந்ததை அவர் ஆசிரியர் அறையில் நடித்தே காட்டினார். மற்றவர்களுக்குத்தான் காட்டினார். நான் ஓரத்தில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காதை மூடிக்கொள்ளவில்லை.

"டீச்சர், அம்மனுக்கு டீச்சர். ரெண்டே ரெண்டு."

"சர்ச்சுக்கே கெடையாதுன்னு சொல்லிட்டேன்பா. அம்மனுக்குக் குடுத்தா எங்க ஃபாதர் கோச்சுப்பாரு."

"ஒரு மட்டைதான டீச்சர், மரத்துக்கு என்னா ஆவப்போவுது?"

"மாசம் ஒரு மட்டைதான்டா வருது. ஒவ்வொரு மட்டை இடுக்குலயும் ஒரு கொலை. இப்பக் குருத்த வெட்டுனா அந்தக் கொலை போச்சு. ஒரு மட்டைக்கு ஒரு கொலை. போடு கணக்கு."

எங்கள் பக்கம் பேச்சில் குலையைக் கொலை என்றுதான் சொல்வோம். இளைஞர்கள் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் சிரிக்கவில்லையாம். "நான் ரெண்டு அர்த்தத்துலயும்தான் சொல்றேன், கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டாராம். மாமரத்தில் ஒரு கிளை போனால் பக்கத்தில் இன்னொன்று துளிர்க்கும், தென்னைக்கு உயிர் இருப்பது உச்சியில் ஒரே இடத்தில்தான், அங்கே கத்தியோடு போகிறவன் யாராக இருந்தாலும் எனக்கு ஆகாது என்று அன்று ஆசிரியர் அறையில் சொன்னார். கையில் ஓலை பிடித்துப் பவனி போகும் குருத்தோலை ஞாயிறு வந்தால் ஒவ்வோர் ஆண்டும் சர்ச்சில் இருந்து ஆள் வருவதும், கிறிஸ்தவரான அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதும் ஊரில் கேலிப்பேச்சாகவே இருந்தது.

ஒரு கார்த்திகை மழையில் என் குடை மடங்கிக் கம்பி ஒடிந்துவிட்டது. பழுது பார்க்கலாம் என்று ஆசிரியர் அறை மூலையில் வைத்திருந்தேன். மறுநாள் விரித்தால் ஒரு பக்கம் நொண்டியது. ஒரு கம்பியைக் காணோம். விசாரித்ததில் எடுத்தவர் தலைமையாசிரியர் என்றார்கள். பேச்சு இல்லாவிட்டாலும் உரிமை உரிமைதான் என்று அவர் அறைக்குப் போனேன். மேசைமேல் சாக்பீஸ் டப்பா இருந்தது. உள்ளே தலையில் கொம்பு வைத்த கரிய வண்டு ஒன்று சுரண்டிக்கொண்டிருந்தது.

"காண்டாமிருக வண்டு. குருத்துக்குள்ள ஓட்டை போட்டு உக்காந்திருந்துச்சு. உங்க கம்பிய வளைச்சுக் கொக்கி மாதிரி பண்ணி இழுத்துட்டேன்" என்றார், பரிசு வாங்கியவர் போல.

"கேட்டிருக்கலாம் டீச்சர்."

"கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க. ஒடிஞ்ச கம்பிதான சார் எடுத்தேன்? மிச்சம் ஏழு இருக்கு. சிதம்பரம் வரைக்கும் தாங்கும்."

சிதம்பரம் என்ற சொல்லை என்னிடம் அவர் சொல்லியிருக்கக் கூடாது. கதவைச் சற்று ஓசையோடு சாத்திவிட்டு வந்தேன்.

2011இல் எனக்கு மாறுதல் கிடைத்தது. டீச்சர் அதற்குச் சற்று முன்பே ஓய்வு பெற்றிருந்தார். சிறுநீரகம் கெட்டு, புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. பண்ருட்டிப் பலாவும் கடலூர்த் தென்னையும் என்ன ஆயின என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரில் என் தங்கை வீட்டு ஓடு பறந்துவிட்டதால் போனேன். திரும்பும் வழியில் டீச்சர் தெரு வந்தது. மூன்றில் இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மூன்றாவது நின்றது. மட்டைகள் எல்லாம் முறிந்து தண்டோடு ஒட்டித் தொங்க, நடுவில் குருத்து மட்டும் ஊசி போல நின்றது. பக்கத்தில் டீச்சர் நாற்காலியில், இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட கட்டோடு உட்கார்ந்திருந்தார். பாதி உருவமாகியிருந்தார். அவர் குரலுக்கு எதுவும் ஆகவில்லை.

"சார், இங்க வாங்க. செருப்பக் கழட்டிட்டு அந்த ஸ்டூல்ல ஏறுங்க."

வாருங்கள், நலமா, எதுவும் இல்லை. ஏன் ஏறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம்.

"குருத்தப் புடிச்சு இழுங்க. மெதுவா. அழுகியிருந்தா கையோட வந்துடும். வந்துட்டா உடனே சொல்லிடுங்க, மறைக்காதீங்க."

சூசைராஜ் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டாரிடம் மருத்துவர்கள் என்ன சொல்லியிருந்தார்கள் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. நான் குருத்தைப் பிடித்தேன். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது. இழுத்தேன்.

"வரல டீச்சர்."

"இன்னொரு தடவ."

"வரல."

"அப்ப இருக்கு" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒடிஞ்ச மட்டைய மட்டும் அறுங்க. பச்சையா எது நிக்குதோ அதத் தொடாதீங்க. வண்டு அண்டாம இருக்க வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து குருத்தச் சுத்தி இடுக்குல போடணும். கடலூர்ல புண்ணாக்கு கெடைக்கல. சிதம்பரத்துல பாருங்க. அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாங்க."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனேன். அடுத்த மாதமும் போனேன். வண்டு எடுக்க என் குடைக்கம்பியையே என் கையில் கொடுத்தார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒவ்வொரு மட்டையாக விரிய ஆரம்பித்தது. விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போல் வெட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் வண்டு வந்திருக்கிறது என்று பொருள். ஒரு மட்டை வெட்டே இல்லாமல் முழுதாக விரிந்த அன்று டீச்சர் எனக்குக் காப்பி போடச் சொன்னார். அந்த வீட்டில் நான் குடித்த முதல் காப்பி.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின நாள் நான் அங்கே இருந்தேன். பங்குத்தந்தையே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். இளைஞர், தன்மையானவர்.

"டீச்சர், ஊரே மொட்டையா நிக்குது. நம்ம பங்குல உங்க வீட்டுல மட்டும்தான் குருத்து இருக்கு."

"அதனாலதான் ஃபாதர் முடியாது."

"பீடத்துக்கு மட்டும். ஒண்ணே ஒண்ணு. ஆண்டவருக்குத்தான?"

"ஆண்டவர் எருசலேமுக்குள்ள வந்தப்ப அங்க தென்னை ஏது ஃபாதர்? அவுங்க புடிச்சது பேரீச்ச மட்டை. நம்ம ஈச்சம்புதர்தான் அதுக்குக் கிட்டத்துச் சொந்தம். புயலுக்கு அது ஒண்ணும் ஆவல. ஆத்தோரம் நெறைய கெடக்கு, பசங்கள அனுப்புங்க."

"முள்ளு ஜாஸ்தியா இருக்குமே டீச்சர்."

"கழுத மேல வந்தவரு, முள்ளுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஃபாதர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க சார்." நான் மரத்தைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் பவனியில் எல்லோர் கையிலும் ஈச்ச மட்டை. ஃபாதரின் விரலில் பிளாஸ்திரி. டீச்சர் ஆட்டோவிலேயே உட்கார்ந்து தம் பங்கு ஈச்ச மட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார் என்று சூசைராஜ் சார் சொன்னார்.

இனி, செய்தி வந்த அந்த நாள். புண்ணாக்குப் பையோடு கடலூர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. சாவு வீட்டுப் பந்தலில் பச்சைத் தென்னை மட்டை கட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் வழக்கம். டீச்சரின் தம்பி அருள், கையில் அரிவாளோடு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மாமா, ரெண்டு மட்ட எறக்கிக்கிறேன். வெளியில எங்கயும் கெடைக்கல" என்று சூசைராஜ் சாரிடம் சொன்னார். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

நான் பையை வைத்துவிட்டு மரத்துக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"முடியாது."

"என்னா சார்?"

"இந்த மரத்துல வெட்ட முடியாது. வேற பேசுங்க."

அருளுக்குக் கோபம் வந்தது. வராதா? "எங்கக்கா வூடு சார் இது. எங்கக்கா சாவு. நீங்க யாரு சொல்றதுக்கு?"

நல்ல கேள்வி. உறவு இல்லை. நண்பர் என்றும் சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவன் நான். கூட்டம் எங்களைப் பார்த்தது. அரிவாள் தாழவில்லை. நானும் நகரவில்லை.

சூசைராஜ் சார் உள்ளிருந்து தள்ளாடி வந்தார். "அருளு, வுட்டுடுப்பா. அவ இருந்தா உன்னத்தான் மொதல்ல வெளிய அனுப்பியிருப்பா" என்றார். சொல்லிவிட்டு, டீச்சர் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதார். அருள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார். நான் ஓர் ஆட்டோவை ஆற்றோரம் அனுப்பினேன். டீச்சரின் பந்தலில் ஈச்ச மட்டைதான் கட்டினோம். ஜெபம் சொல்லி மந்திரிக்க வந்த ஃபாதர் பந்தல் காலைத் தொட்டுப் பார்த்து, விரலை எடுத்துக்கொண்டு, "இதுலயும் அவுங்கதான் ஜெயிச்சாங்க" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அந்தப் புண்ணாக்கை மணலோடு கலந்து இடுக்குகளில் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று குடைக்கம்பி. அது என்னுடையதுதான் என்றாலும் வளைத்தவர் அவர். மற்றது 'முடியாது' என்ற சொல். சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவரின் முகத்துக்காக மாற்றாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அருளின் எதிரே நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். அதற்காக என் வழக்கை நான் திரும்பப் பெறவில்லை. அப்பாவின் கடைசி மாதங்கள் எனக்குத் திரும்பி வரப் போவதில்லை.

மரம் இப்போது நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை மடியில் வைத்துக்கொண்டு பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் போகிறேன். டீச்சர் என்னை இன்னும் விடுவிக்கவில்லை.