தலைகீழாகப் படித்த தாலாட்டு

போன வாரம் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் கிட்டார் பாடம் ஒன்றைப் பார்த்தபடி வந்தாள். ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். கிட்டார்காரர்கள் இதை டேப் என்பார்கள். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. எண் என்பது அந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரலை அழுத்த வேண்டும் என்ற கணக்கு. சுரம் தெரியாதவன்கூட வாசித்துவிடலாம். நானும் என் கூட்டாளி சகாயமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினோம். எங்கள் ஊர் மரக்காணம் வந்து, சன்னல் வழியே உப்பு வாடை அடித்தது.

உப்புக்கு ஏது வாடை என்று அலுவலகத்தில் ஒருவர் என்னோடு வாதாடியிருக்கிறார். பாவம், உப்பைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர். பாத்தியில் காயும் உப்புக்குச் சேறும் துருவும் கலந்த ஒரு வாடை உண்டு. துரு என்றாலே எனக்குச் சகாயத்தின் கிட்டார்தான். எங்கள் ஊர்க் காற்றில் கம்பி ஒரு மாதம் தாங்காது. அவன் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, அது பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை மாதிரி மணக்கும்.

சகாயம் உப்பளத்தில் வேலை பார்த்தான். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த ஐப்பசியில் அவன் என் கடையே கதி என்று கிடந்தான். அவன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வலியில் அந்த அம்மா கண்ணை மூடுவதே இல்லை.

"மச்சான், அம்மா தூங்குற மாதிரி ஒரு பாட்டு எடுத்துக் குடுடா."

இணையத்தில் தேடி, ஆங்கிலக் கிறிஸ்துமஸ் தாலாட்டு ஒன்றை டேப்பாக அச்சடித்துக் கொடுத்தேன். இரண்டு பேருமே அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. இருந்தாலும் பெரிய வித்வான்கள் போல உட்கார்ந்து படித்தோம். கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த கம்பிதானே மேலே இருக்கிறது? அப்படியானால் மேல்கோடு தடித்த கம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது! உண்மையில் டேப்பில் மேல்கோடுதான் மெல்லிய கம்பி. மேலே ஒலிக்க வேண்டியதெல்லாம் அடித்தொண்டையில் ஒலித்தது. எந்த ஒலியை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதும் தாளில் இல்லை. விரல் அடுத்த கட்டத்தைத் தேடிப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நிறுத்தினான். யாரோ முனகிக்கொண்டே வரப்பில் நடந்துபோவது போல இருந்தது.

அந்த அம்மா தூங்கினார். நானே பார்த்தேன். எழுந்ததும், "இன்னா பாட்டுடா இது? கூடவே யாரோ குந்தியிருக்கிற மாதிரி இருக்குது" என்றார். அதன் பிறகு தினமும் சாயந்திரம் அதுதான் மருந்து.

மார்கழியில் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிக்கச் சகாயத்தைக் கூப்பிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த கீபோர்டுக்காரர் இவன் தாலாட்டைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்பா, தலைகீழாப் படிச்சிருக்கீங்களே!"

சரியானதை வாசித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சகாயத்தின் முகம் சுண்டிப்போனது. வெறி பிடித்தவன்போல் பழகி, கிறிஸ்துமஸ் பூசையில் பிசிறில்லாமல் வாசித்தான். பாதிரியார் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கே வீட்டில் போய் அம்மாவுக்கும் வாசித்தான்.

"நல்லாத்தான் இருக்குது. நீ பழசு வாசிடா."

பழசு வரவில்லை. தாளைப் பழையபடி தப்பாகவே படித்துப் பார்த்தான். எண்கள் என்னவோ சரியாகத்தான் வந்தன. ஆனால் சரியான பாட்டு காதில் ஏறிவிட்டது. விரல்கள் இப்போது எதையும் தேடுவதில்லை, நேராகப் போய் உட்கார்ந்தன. "இது இல்லடா" என்பார் அந்த அம்மா. மெதுவாக வாசிப்பான். "இதுவும் இல்ல." அவரிடம் கோபமில்லை, வலிதான் இருந்தது. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பயமாகிவிட்டது. தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களோடு வந்து, முகம்கூடக் கழுவாமல் கிட்டாரை எடுப்பான்.

ஒரு சாயந்திரம், "ஆங், இதான்டா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சகாயம் கிட்டாரைச் சத்தமில்லாமல் சாத்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"தூங்கிட்டாங்களா?" என்றேன்.

"இல்லடா. எனக்காகக் கண்ண மூடிக்கினு இருக்குது."

அந்த வாரமே அடக்கம்.

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. சகாயம் சென்னைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், கிட்டாரை என்றோ கொடுத்துவிட்டான். டிசம்பர் வந்தால் அந்தத் தாலாட்டு கடைக்குக் கடை கேட்கிறது. எங்களுடையதை முனகிப் பார்க்கிறேன். தாழ்வாக இருந்தது, நிறுத்தி நிறுத்திப் போனது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு வரிகூட வாயில் வருவதில்லை. பேருந்தை விட்டு இறங்கியதும் மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டேன்.

"அம்மாவுக்கு வாசிச்ச பாட்டு ஞாபகம் இருக்குதாடா?"

மறுமுனையில் எதையோ முனகிப் பார்த்தான்.

"சரியானதுதான் வருது மச்சான்" என்றான்.