பாளையங்கோட்டையில் முத்துக்குளிப்பு

பிரம்மநாயகி டீச்சருக்கு மனசில் ஒன்று விழுந்துவிட்டால் போதும், சோறு தண்ணி இறங்காது. தொண்ணூற்று நாலாம் வருஷம் கொற்கை விழுந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் பார்த்தாள். யவனர் கப்பல்கள் வந்து போன துறைமுகத்தில் இப்போது வாழையும் ஒரு குளமும்தான். கடல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. நம்ம பிள்ளைகளை வைத்து இந்தத் துறைமுகத்தைத் திரும்பக் கட்டினால் என்ன என்று பஸ்ஸிலேயே துள்ளினாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பாலர் பள்ளியில் அவள் பன்னிரண்டு வருஷமாக யூகேஜி டீச்சர். கோடை லீவில் பத்து நாள் துறைமுக முகாம், புத்தகமே கிடையாது என்றதும் மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். லீவு விட்டால் பிள்ளைகளை மாமா வீட்டுக்கு பஸ் ஏற்றுகிற ஊரில் எவன் அனுப்புவான் என்றார்கள். தாளாளர் ஐயம்பெருமாள் பிள்ளை ஹாலைக் கொடுத்தார், பேத்தி பிருந்தாவையும் சேர்த்தார். பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத சைவர் அவர். சுத்தபத்தமாக நடக்க வேண்டும், ஒரு புகார் வந்தாலும் அன்றைக்கே மூடிவிடுவேன், அப்புறம் எந்த வருஷமும் இந்தப் பேச்சே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இருபத்திமூன்று பிள்ளைகள் வந்தார்கள்! தரையெல்லாம் சாக்பீஸ் கடல். கவிழ்த்துப் போட்ட பெஞ்சுகள்தான் கப்பல். காக்கித்தாள் தொப்பி போட்ட யவனர்கள் மிளகுக்கு விலை பேசி அடிபிடிச் சண்டை போட்டார்கள். சாயங்காலம் அப்பாமார் கூப்பிட வந்தால் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அழுகை. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாம் நாள் முத்துக்குளிப்பு. பள்ளிக்கூட ஆயாவுக்குத் தெரிந்த புன்னக்காயல் மீனவர் ஜேசுதாசனிடம் ஒரு சாக்குச் சிப்பி கேட்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து இறக்கிய மனுஷன், இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டீச்சர் சாக்கை ஹால் மூலையில் வைத்து, ஜன்னலையெல்லாம் சாத்திப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இங்கேதான் பிறந்த வீட்டுச் சைவம் அவள் காலை வாரிவிட்டது. அவள் பார்த்த சிப்பியெல்லாம் திருச்செந்தூர்க் கடைகளில் கழுவிப் பளபளவென்று அடுக்கியிருப்பவை. சிப்பிக்குள் உயிர் உண்டு என்று வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள். அவள் மூக்குக்குத்தான் அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

மே மாதப் புழுக்கத்தில் பூட்டிக்கிடந்த ஹாலைக் காலையில் திறந்தாள். ஐயோ சாமி! தெருவே மூக்கைப் பிடித்தது. இரண்டு அப்பாமார் பிள்ளைகளை ஸ்கூட்டரில் திரும்ப ஏற்றினார்கள். ஒருவர் நேரே தாளாளர் வீட்டுக்கே போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் வாசலிலேயே நின்று புலம்பினாள்.

"டீச்சர், முத்து எங்க இருக்கு?" என்றாள் பிருந்தா, மூக்கைப் பிடித்தபடியே.

அந்தக் கேள்விக்கு அழுதுகொண்டா நிற்க முடியும்? சாக்கை வேப்பமரத்தடிக் குழாய்க்கு இழுத்துப்போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் முதல் சிப்பியை நெம்பினாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். மீன் பெயரைக்கூட உச்சரிக்காத வீட்டுப் பெண் அவள். இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதற்குப் பிள்ளைகள் சுற்றி நெருக்கி நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். இதில் இருக்கும், இல்லை அதில் இருக்கும் என்று பந்தயம் வேறு. இருபது சிப்பி தாண்டியதும் கை கூசவில்லை. முகாம் முடிந்துபோன விஷயமே அவளுக்கு மறந்துவிட்டது.

சத்தம் சட்டென்று அடங்கியது. நெற்றியில் ஈர விபூதியும் மூக்கில் துண்டுமாக ஐயம்பெருமாள் பிள்ளை நின்றார். டீச்சர் எழுந்தாள்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். இது இப்பிடி நாறும்னு எனக்குத் தெரியாது. மூடிருதேன். பிள்ளைகளை வையாதீங்க."

அவர் குவியலைப் பார்த்தார். முழங்கை வரை சேறும் சதையுமாக நின்ற பேத்தியைப் பார்த்தார்.

"எத்தனை பாத்திருக்க?"

"அறுபது இருக்கும், அண்ணாச்சி."

"ஒண்ணுலயுமா இல்ல?"

இல்லை என்று தலையசைத்தாள். மூக்கிலிருந்த துண்டு தோளுக்குப் போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளித் துவைகல்லில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் பாரும்மா. இன்னும் ஆறு நாள் கெடக்குல்லா."